ஆலம்பாடி மாட்டைப் பாலை மட்டும் வைத்து அளக்காதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நாட்டு மாடுகளைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை வீட்டில் எல்லோரும் படித்தோம். காங்கேயம், உம்பளச்சேரி, புலிக்குளம், பர்கூர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி இருந்தது. எங்கள் தருமபுரி மாவட்டத்து ஆலம்பாடிக்கு மட்டும் ஒரே வரி, அதுவும் 'பால் குறைவு' என்று. அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பென்னாகரம் வட்டத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் மானாவாரிக் கொல்லை. ஆலம்பாடிப் பசு இரண்டு, ஒரு கிடேரி, ஓர் ஜோடி உழவு எருது, சேலம் கருப்பு ஆடுகள் பதினான்கு, கொஞ்சம் கோழிகள். வேலைக்கு ஆள் வைப்பதில்லை. நானும் என் கணவரும், பள்ளி விட்டு வந்ததும் பிள்ளைகளும்தான்.

பால் குறைவு என்பது உண்மை. கன்று குடித்தது போக வேளைக்கு ஒரு லிட்டர் கிடைத்தால் எங்களுக்கு அது நல்ல நாள். ஆலம்பாடி இழுவைக்கென்று வளர்த்த இனம், கர்நாடகத்து ஹள்ளிக்கார் மாட்டுக்கு உறவு. கருஞ்சாம்பல் உடம்பு, நெற்றியிலும் காலிலும் வெள்ளைத் திட்டு, பின்னோக்கி வளைந்த கொம்பு. ஒகேனக்கல் பக்கத்துக் கல்லிலும் மேட்டிலும் ஏறி இறங்கி, கிடைத்ததைத் தின்று, வெயிலைத் தாங்கி நிற்கிற மாடு.

நாங்களும் ஒரு காலத்தில் லிட்டர் கணக்குதான் பார்த்தோம். "மாட்ட விக்காதம்மா, அப்புறம் ஏர் பூட்ட என்ன பண்ணுவீங்க" என்று மாமனார் சொல்லச் சொல்ல, இருந்தவற்றை விற்றுக் கடனும் வாங்கி இரண்டு கலப்பின மாடுகள் பிடித்தோம். காலையில் எட்டு லிட்டர் கறந்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த கோடையில் போர் வற்றியது. பசுந்தீவனம் இல்லை, தவிடு, புண்ணாக்கு எல்லாமே காசு. சித்திரை வெயிலில் அவை மூச்சிரைத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கவே முடியாது. ஒன்றுக்கு மடிநோய் வந்து காம்பு போனது. மூன்றாம் வருடம் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டோம். தண்ணீர் இருப்பவர்களுக்கு அந்த மாடு சரிப்பட்டு வரலாம், அவர்களை நான் குறை சொல்லவில்லை. மழையை நம்பி இருக்கிற எங்களுக்கு அது பொருந்தவில்லை.

நாட்டு மாடு இல்லாத அந்த வருடங்களில் கொல்லையும் கெட்டது. டிராக்டர் உழவு, மூட்டை உரம், அவ்வளவுதான். எரு விழாத செம்மண் ஓடு போல இறுகிவிட்டது. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேல்மண்ணை அரித்துக்கொண்டு ஓடும். மறுபடி ஆலம்பாடி வாங்கிய பிறகுதான் மண் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. எப்படி என்பதை உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

ஆடி, ஆவணியில் ராகி விதைக்கிறோம். நடுநடுவே சால் விட்டு அவரை, துவரை, கொஞ்சம் கடுகு. ராகி வீட்டுக்கு, தாள் மாட்டுக்கு, துவரை மிளார் அடுப்புக்கு. அவரையும் துவரையும் வேரிலேயே மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கின்றன. அறுவடை முடிந்ததும் ராத்திரியில் ஆட்டுப் பட்டியைக் கொல்லையிலேயே போடுகிறோம். இரண்டு ராத்திரிக்கு ஒரு முறை படலை நகர்த்தி நகர்த்தி மூன்று ஏக்கரையும் சுற்றி வருவோம். புழுக்கையும் மூத்திரமும் விழுந்த இடத்திலேயே எருவாகிவிடும், சுமக்கிற கூலி இல்லை. குப்பைமேட்டைக் கோழிகள் கிளறிப் புழுவைத் தின்றுவிடும். பத்து கிலோ சாணம், பத்து லிட்டர் கோமியம், இரண்டு கிலோ வெல்லம், இரண்டு கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி வரப்பு மண், 200 லிட்டர் தண்ணீர் என்று கலந்த ஜீவாமிர்தம் என்ற உரக் கரைசல் ஒரு ஏக்கருக்குப் போதும். ஆறு வருடமாக உர மூட்டை வாங்கவில்லை. போன ஐப்பசி மழையில் எங்கள் வரப்பைத் தாண்டி ஓடிய தண்ணீர் கலங்காமல் இருந்ததைப் பார்த்து என் கணவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். உழவு, எரு, வண்டி, கன்று எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பாலை மட்டும் எழுதினால் இந்த மாட்டுக்கு நியாயம் கிடைக்குமா?

காரிமங்கலம் பக்கம் ஆலம்பாடிக்கென்று கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அது வந்ததில் எங்களுக்கு நிறைய மகிழ்ச்சி. ஆனால் எங்கள் மாடு சினைக்கு வந்தபோது சினை ஊசி போட ஓட்டிப் போன இடத்தில் ஜெர்சி இனத்து ஊசிதான் இருந்தது. ஆலம்பாடி கேட்டேன், அதை யார் இப்போது கேட்கிறார்கள் என்றார்கள். நான் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு, பதினொரு கிலோமீட்டர் நடத்திக் கூட்டிப்போய் காட்டில் மாட்டு மந்தை மேய்க்கிற ஒரு பட்டிக்காரரின் காளையிடம் விட்டோம்.

அந்தப் பட்டிகளும் குறைகின்றன. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் மேய்ச்சலுக்குத் தடை போட்டு, பிறகு சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகத்துக்கு மட்டும் என்று மாற்றியது. அதே வருடம் நவம்பரில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டருக்குக் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. யானைக்கும் காட்டுக்கும் பாதுகாப்பு வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. ஆனால் 2006 வன உரிமைச் சட்டம் மேய்ச்சலையும் ஓர் உரிமையாகவே எழுதியிருக்கிறது. பட்டிக்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, எந்தப் பகுதியில், எந்த மாதத்தில், எத்தனை மாடு என்று பேசி முடிவு செய்யலாமே. ஊர்ப் புறம்போக்கில் மேய்ச்சலுக்கென்று இருந்த நிலத்தையாவது மீட்டுக் கொடுக்கலாம்.

2023-இல் எங்கள் மாவட்ட ரேஷன் கடைகளில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ ராகி கொடுக்கத் தொடங்கினார்கள். அதனால் ராகிக்கு மதிப்பு கூடியது. அந்த ராகித் தாளைத் தின்று கொல்லைக்கு எரு கொடுக்கிற மாட்டுக்கும் ஏதாவது செய்யுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். ஊராட்சிக்கு ஒரு ஆலம்பாடிப் பொலிகாளை, அதை வளர்க்கிற குடும்பத்துக்குத் தீவனச் செலவு. பெரிய தொகை ஆகாது.

எங்கள் கிடேரிக்கு இந்தத் தையில் இரண்டு வயது முடிகிறது. அடுத்த வருடம் சினைக்கு வந்துவிடும். நாங்கள் ஓட்டிப் போன காளைக்காரருக்கு வயதாகிவிட்டது, பட்டியை விற்கப் பேச்சு நடக்கிறது என்று போன வாரம் சொன்னார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்