கை மேசைக்கு டெண்டரில் ஒரு வரி போதாது

மருத்துவமனைகளின் கருவிக் கொள்முதல் குழுவினருக்கு,

வணக்கம். ஆபரேஷன் டேபிள் வாங்கும்போது மோட்டார், உயரம், சாய்வு என்று பக்கம் பக்கமாகக் கேட்கிறீர்கள். கை அறுவைக்கான பக்கப் பலகையை, அதாவது கை மேசையை மட்டும் 'துணைக்கருவி, எண்ணிக்கை 1' என்று முடித்துவிடுகிறீர்கள். வந்து சேர்வது பெரும்பாலும் சலைன் ஏற்றக் கையை நீட்டிவைக்கும் ஒடுக்கமான ஆர்ம் போர்டுதான். அதில் நோயாளியின் கை கிடக்கும், அறுப்பவரின் முன்கைக்கு இடமிருக்காது.

விரல் தமனியின் விட்டம் ஏறத்தாழ 1 மி.மீ. அதை முடியைவிட மெல்லிய 10-0 நூலால் தைக்கும்போது, மைக்ரோஸ்கோப் தமனியை எத்தனை மடங்கு பெரிதாக்குகிறதோ அத்தனை மடங்கு பலகையின் ஆட்டத்தையும் பெரிதாக்கும். முன்கை ஊன்றாமல் தோள் பலத்தில் தைத்தால் நேரம் ஆக ஆக நடுக்கம் கூடும். ஊசி எதிர்ச்சுவரையும் சேர்த்துப் பிடித்துவிட்டால் ரத்தம் உறைந்து குழாய் அடைபடும். 60 செ.மீ. அகலம் கேளுங்கள். எதிரெதிரே இருவர் கை ஊன்ற அது வேண்டும்.

எக்ஸ்-ரே ஊடுருவும் பலகை என்று எழுதினால் மட்டும் போதாது. ஓரத்து ஸ்டீல் சட்டம் மணிக்கட்டின் மேல் நிழலாக விழும். படத்துக்காகக் கையை நகர்த்தினால் சேர்த்துவைத்த எலும்பு விலகும். எலும்பைப் பிடித்துவைக்கும் மெல்லிய கம்பியான கே-ஒயரை மறுபடி குத்தக் குத்த ஓட்டை தளர்ந்து பிடிமானம் போகும். சிலர் சி-ஆர்மின் (அறுவையின்போதே எக்ஸ்-ரே காட்டும் C வடிவக் கருவி) படம் வாங்கும் வட்ட முகத்தையே மேசையாக்கிவிடுகிறார்கள். அப்போது எக்ஸ்-ரே ட்யூப் மேலே வந்துவிடும், சிதறும் கதிர் மருத்துவரின் முகத்தில் அதிகம் படும்.

காலில்லாத பலகை சி-ஆர்முக்கு வசதிதான், ஆனால் நுனி தொங்கும். கால் வைத்தது ஆடாது. ஆனால் காலின் பூட்டைத் தளர்த்தாமல் டேபிளைத் தாழ்த்தினால் பலகை நுனி மேலேயே நிற்கும், பலகையை டேபிளோடு பிடிக்கும் கிளாம்ப் வளையும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எங்கள் ஓட்டு மடக்கும் கால் வைத்த பலகைக்கே.

பலகை மெத்தையும் டேபிள் மெத்தையும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். பலகை தாழ்ந்தால் தோள் பின்னால் சரிந்து, கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புப் பின்னல் இழுபடும். கையை 90 பாகைக்கு மேல் விரித்தாலும் அதே கதி. முழங்கை படும் இடத்தில் மெத்தை மெலிந்திருந்தால் முழங்கையின் உட்பக்கம் ஓடும் அல்நார் நரம்பு நசுங்கும். கை மரத்துக் கிடப்பதால் நோயாளிக்குத் தெரியவும் தெரியாது.

பணம் கொடுக்கும்முன், பலகை நுனியில் ஒரு கிட்னி டிரேயில் தண்ணீர் வையுங்கள். ஒருவர் இரு முன்கைகளையும் ஊன்றி எழுதட்டும். தண்ணீர் அலைந்தால் திருப்பி அனுப்புங்கள். பிறகு 1 மி.மீ. கே-ஒயரை நடுவில், ஓரத்தில், கிளாம்புக்குப் பக்கத்தில் என்று வைத்து சி-ஆர்மில் பாருங்கள். மூன்று இடத்திலும் கம்பி தெரிந்தால் கையெழுத்துப் போடலாம்.

இப்படிக்கு,
கை அறுவை தியேட்டர் பணியாளர்கள்