மருத்துவர் சொல்லும் முன்னே தலைப்பு சொல்லலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் எங்கள் சுங்கை சிப்புட்டில் உள்ள சாப்பாட்டுக் கடையொன்றில் ஒருவர் நாளிதழை விரித்து, 'மனநலம் பாதிக்கப்பட்ட ஆடவர் வெறியாட்டம்' என்ற தலைப்பை உரக்க வாசித்துவிட்டு, "இவனுங்கள எல்லாம் தஞ்சோங் ரம்புத்தான்ல பூட்டி வைக்கணும்" என்றார், அங்குள்ள மனநல மருத்துவமனையை மனத்தில் வைத்து. பக்கத்து மேசையில் இருந்த என் தம்பி தே தாரிக்கைப் பாதியில் வைத்துவிட்டு, காசைக் கிளாசுக்கு அடியில் செருகிவிட்டு எழுந்து போய்விட்டான்.

அவனுக்கு மனச்சிதைவு நோய் இருக்கிறது. ஒன்பது ஆண்டுகளாக மாதந்தவறாமல் அரசாங்க கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு, செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறான். காதில் குரல் கேட்கிறது என்று அவன் முதன்முதலில் சொன்னபோது, செய்வினை என்று நம்பிக் கோயில் கோயிலாக அலைந்து இரண்டு ஆண்டுகளை வீணாக்கியவர்கள் நாங்கள். தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனை எங்களுக்குத் தொலைவில் இல்லை. அந்தப் பெயருக்கு அஞ்சியே போகாமல் இருந்தோம். 1911இல் திறக்கப்பட்ட அம்மருத்துவமனைக்கு மகிழ்ச்சி என்று பொருள்படும் 'பஹாகியா' என்ற பெயரைச் சூட்டிப் பல்லாண்டுகள் ஆன பின்னும், ஓர் ஊரின் பெயரையே நாம் வசைச்சொல்லாக வைத்திருக்கிறோம்.

தொடர் நாடகங்களில் மனநோயாளி என்றால் கலைந்த தலையும் கிழிந்த சட்டையும்தான். அதைக் கதை என்று ஒதுக்கிவிடலாம். செய்தியை அப்படி ஒதுக்க முடியாது. குற்றம் சாட்டப்பட்டவரின் மனநிலையில் ஐயம் எழுந்தால், மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 342ஆவது பிரிவின்படி அவரை ஒரு மாதம் வரை மருத்துவமனையில் வைத்துக் கவனித்த பிறகே மருத்துவர்கள் அறிக்கை தருகிறார்கள். அவர்களுக்கே அத்தனை நாள் தேவைப்படுவதை நாளிதழ்கள் ஒரே இரவில் முடிவு செய்துவிடுகின்றன. மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை என்பதும், அடிபடுவதும் ஏமாற்றப்படுவதும் பல நேரங்களில் அவர்களே என்பதும் அச்செய்திகளில் இடம்பெறுவதே இல்லை. தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கும், தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவை நாடாளுமன்றமே 2023இல் நீக்கிவிட்டது. சட்டம் இறங்கி வந்த அளவுக்கு நம் தலைப்புகள் இறங்கி வரவில்லை.

ஆகவே, மருத்துவர் உறுதி செய்யாத நோயைத் தலைப்பில் ஏற்ற வேண்டாம் என்று தங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். உறுதியான பின்னரும், சம்பவத்துக்கும் நோய்க்கும் தொடர்பு இருந்தால் மட்டும் செய்தியின் உள்ளே எழுதுங்கள். 'வெறியாட்டம்' போன்ற சொற்களை விட்டுவிடுங்கள்.

தம்பிக்கு அடுத்த ஊசி வரும் வியாழக்கிழமை. கிளினிக்கில் யாராவது பார்த்துவிடுவார்கள், இம்மாதம் வேண்டாம் என்கிறான். கடையில் அந்தத் தலைப்பைக் கேட்கும் வரை அவன் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. விடுப்பு எடுத்துக்கொண்டு நான் அவனுடன் செல்லவிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்