தூக்குக்கயிறு யாரை எட்டுகிறது?

ஆசிரியருக்கு,

15 கிராமுக்கு மேல் தூய ஹெராயின் கடத்தினால் சிங்கப்பூரில் கட்டாய மரண தண்டனை. அங்கே போதைப் புழக்கம் குறைவு என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதற்கான பெருமை முழுவதையும் தூக்குமேடைக்குக் கொடுப்பது நியாயமல்ல. இவ்வளவு கெடுபிடிக்குப் பிறகும் ஆண்டுதோறும் சுமார் 3,000 பேர் போதைப் பழக்கத்துக்காகக் கைதாகிறார்கள்.

சிக்குகிறவர்கள் யார்? மலேசியத் தமிழரான நாகேந்திரன் தர்மலிங்கம் 2009-இல் தொடையில் கட்டிய பொட்டலத்தோடு சிங்கப்பூர் எல்லையில் உள்ள உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் பிடிபட்டார். 42.72 கிராம் ஹெராயின். அவருடைய நுண்ணறிவு எண் (IQ) 69, அதாவது சராசரியைவிட மிகக் குறைவு என்று நீதிமன்றத்தில் மருத்துவ நிபுணர் சொல்லியும், 2022 ஏப்ரலில் தூக்கிலிட்டார்கள். பொட்டலத்தைக் கட்டி அனுப்பியவன் எங்கே?

2012-இல் சட்டத்தைத் திருத்தி, புலனாய்வுக்குக் கணிசமாக உதவியதாக அரசு வழக்கறிஞர் சான்றளித்தால் கூலிக்குக் கடத்தியவர் உயிர் தப்பலாம் என்றார்கள். கடைநிலைக் கூலியாளுக்கு மேலிடத்து ஆட்களை எப்படித் தெரியும்? விவரம் தெரிந்தவன் பிழைக்கிறான், ஒன்றும் அறியாதவன் சாகிறான். இதை என்னால் நீதி என்று ஏற்க முடியவில்லை.

மலேசியா 2023-இல் கட்டாய மரண தண்டனையை நீக்கி, தண்டனையை முடிவு செய்யும் உரிமையை நீதிபதிகளிடமே விட்டது. சிங்கப்பூர் குறைந்தபட்சம் அதையாவது செய்ய வேண்டும்.

ஒரு வாசகி,
தஞ்சாவூர்