பேச்சு நோட்டுகளுக்கு ஃப்ரீசர் திறந்துவிட்ட அக்காவுக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் சுற்றுவட்டாரத்துச் சொந்தங்களுக்கு மன்றத்தாரின் வணக்கம்.

அந்த மழையைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. யார் வீட்டில் தண்ணீர் எதுவரை நின்றது என்று சுவரே சொல்லும். மன்றத்துக்கு என்ன ஆயிற்று என்பதும் ஊருக்கே தெரியும். நாற்காலி போனது, புரொஜெக்டர் போனது. அவற்றைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். மன்றத்தில் பேசியதையும் கேட்ட கேள்விகளையும் கையால் எழுதிவைத்த பேச்சு நோட்டுகள் பிழைத்துவிட்டன. இந்த மடல் அதற்காக.

முதல் நன்றி ஒரு மீன்கார அக்காவுக்கு. "எம் பேரப் போட்டீங்கன்னா அடுத்த தடவ ஃப்ரீசரத் தெறக்க மாட்டேன்" என்று சொல்லியிருப்பதால் பெயர் இல்லை. மன்றக் கூட்டத்துக்கு அவர் வந்ததே இல்லை. ஞாயிறு சாயங்காலம் அவருக்கு வியாபார நேரம். படகுகள் கட்டிக் கிடந்ததால், கணவாயும் நண்டும் வாங்கி வைக்கிற அவருடைய பெட்டி ஃப்ரீசர் காலியாக இருந்தது. நோட்டுகளை வெயிலில் பரப்பப் போனதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "வெயில்ல போட்டா அப்பளமா சுருண்டுரும். கணவா கெடாம இருக்குற எடத்துல கடுதாசி கெடுமா? கொண்டாந்து ஃப்ரீசர்ல போட்டுருங்க. பொறவு மெதுவா காயப்போட்டுக்கலாம்."

இதன் அருமை காகிதத்தோடு மல்லுக்கட்டியவர்களுக்குத்தான் தெரியும். நம் ஊர்ப் புழுக்கத்தில் நனைந்த காகிதத்தை அப்படியே விட்டால் 2 நாளில் பூஞ்சை பிடித்துவிடும். அத்தனை நோட்டையும் அதற்குள் ஏடு ஏடாகப் பிரித்துக் காயவைக்க ஊரே திரண்டாலும் ஆகாது. உறைந்துவிட்டால் பூஞ்சை வளராது, மை மேற்கொண்டு பரவாது, அட்டையின் பசை இளகாது. ஒரு நாளைக்கு முடிந்ததை எடுத்துக் காயவைக்கலாம். மிச்சம் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். நனைந்த புத்தகங்களுக்குப் பெரிய நூலகங்கள் செய்வதும் இதைத்தான். அக்கா அதை எந்த நூலகத்திலும் படிக்கவில்லை, கணவாயிடம் கற்றுக்கொண்டார்.

ஃப்ரீசரைத் திறந்துவிட்டதோடு அவர் போய்விடவுமில்லை. "ஒரே நாள்ல நெரப்பாதீங்க, நடுவுல உள்ளது ஒறையாம வேர்த்துக்கிட்டு நிக்கும்" என்றார். பெட்டி ஃப்ரீசரில் குளிர்க்குழாய் ஓடுவது பக்கச் சுவர்களுக்குள். ஈரச் சரக்கை மொத்தமாக அடுக்கினால் ஓரத்தில் இருப்பது கல்லாகும்போதும் நடுவில் இருப்பது சொதசொதவென்றே இருக்கும். தவிர, மெதுவாக உறையும் நீர் பெரிய பெரிய படிகமாகும். மீனில் அது சதையைக் கிழிக்கும், காகிதத்தில் நாரைப் பிரித்துவிடும். ஆகவே முதல் நாள் சுவரை ஒட்டி ஒரு வரிசை மட்டும். அது கல்லானதும் நடுவுக்கு நகர்த்தி, காலியான சுவரோரத்தில் அடுத்த வரிசை. குளிர்த் திருகு கடைசி எண்ணில், அதாவது மைனஸ் 18 டிகிரி அல்லது அதைவிடக் குளிராக. மூடியைத் திறப்பது ஒரு நாளைக்கு ஒரே தடவை.

கட்டும் முறையையும் எழுதிவைக்கிறோம், எவருக்காவது பத்திரமோ சான்றிதழோ நனைந்தால் உதவும். 3 அல்லது 4 நோட்டுகள் ஒரு பாலித்தீன் கவரில். நோட்டுக்கும் நோட்டுக்கும் இடையில் பேக்கரியில் கிடைக்கும் பட்டர் பேப்பர், ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க. தைத்த முதுகு கீழே இருக்கட்டும். இறுக்கிக் கட்டக் கூடாது. தண்ணீர் உறையும்போது சுமார் 9 விழுக்காடு பருக்கும், அதற்கு விரல்கடை இடம் விடாவிட்டால் அட்டை பிய்ந்துவிடும். மேலே இன்னொரு கவர். இந்த இரண்டாவது கவர் வாசனைக்காக. அதை மீறியும் புயல் கூண்டு பற்றிய நோட்டில் கணவாய் வாசம் ஏறியிருக்கிறது. அந்த நோட்டுக்கு அது பொருத்தம்தான்.

ஃப்ரீசருக்குப் போகும் முன் அலசியாக வேண்டும். உள்ளே வந்தது வெறும் மழைத்தண்ணீர் இல்லை, உப்பும் சாக்கடையும் கலந்தது. உப்பைக் காகிதத்திலேயே விட்டுவிட்டால் அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். கடற்கரையில் அப்படிப்பட்ட நோட்டு ஆயுளுக்கும் காயாது. வரிசையாக 3 அண்டாவில் நல்ல தண்ணீர். நோட்டை மூடியபடியே இரு கையாலும் அழுத்திப் பிடித்து முதல் அண்டாவில் முக்கி எடுத்து, பிறகு இரண்டாவது, மூன்றாவது. திறக்கக் கூடாது. தேய்க்கவும் கூடாது, தேய்த்தால் சேறு நாருக்குள் இறங்கிவிடும். முதல் அண்டா கலங்கியதும் கொட்டிவிட்டு, இரண்டாவதை முதலாவதாக நகர்த்திக்கொள்ளலாம். நல்ல தண்ணீருக்கே தட்டுப்பாடாக இருந்த அந்த நேரத்தில், குட்டியானையில் பேரலை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிய தம்பியை இங்கேயே வணங்கிக்கொள்கிறோம். கரண்ட் வரும்வரை கட்டுகளைத் தெர்மோகோல் பெட்டியில், அடியில் உடைத்த ஐஸ், நடுவில் நோட்டு, மேலே மறுபடி ஐஸ் என்று வைக்கச் சொன்னதும் அக்காதான். உருகும் தண்ணீர் வெளியேற அடியில் ஓட்டை, கவரின் வாய் மேல்நோக்கி.

எல்லாவற்றையும் உறையவைக்கக் கூடாது. போட்டோக்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, முகம் எதிலும் படாமல் கிளிப் போட்டுக் கொடியில் தொங்கவிட வேண்டும். லேமினேட் செய்த படங்கள் தண்ணீருக்குத் தப்பிக்கும் என்று நினைப்போம். ஓரம் வழியாக ஈரம் புகுந்தால் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே அழுகும். ஓரத்தைக் கத்தரித்து உரித்துவிட வேண்டும். வழவழப்பான தாள் காயத் தொடங்கிவிட்டால் ஒரே பலகையாக ஒட்டிவிடும், பிறகு கடவுளாலும் பிரிக்க முடியாது. ஈரமாக இருக்கும்போதே பிரிக்கணும்.

அக்காவைப் பற்றி இன்னும் ஒன்று. காலியாகக் கிடந்ததைக் கொடுத்தார் என்பதோடு முடியவில்லை. படகுகள் கடலுக்குப் போய் வியாபாரம் தொடங்கிய பிறகும், நடுவில் ஒரு பலகையைச் செருகி ஒரு பக்கத்தை நோட்டுகளுக்கே விட்டுவைத்தார். அந்தப் பக்கத்தில் சரக்கு வைத்தால் காசு. கரண்ட் பில்லில் பங்கு தருகிறோம் என்றதற்கு, "அதுக்கு உள்ள ரூவாய்க்கு நோட்டு வாங்குங்க" என்று முடித்துவிட்டார்.

நோட்டில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: மன்றத்தில் ஒருவர் 40 நிமிடம் பேசுவார். அதன்பின் கேள்வி. பேசியவர் சாரத்தைத் தன் கையால் எழுதுவார், கேட்டவர்களில் ஒருவர் கேள்விகளை எழுதுவார். பதில் தெரியாத கேள்விக்கு அடிக்கோடு போட்டு, அடுத்த கூட்டத்துக்குள் யாராவது தேடிக்கொண்டு வர வேண்டும். பதிலைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிடலாம், கேள்விகள் மட்டும் இந்தக் கரைக்கே உரியவை.

முதலில் உலர்ந்து வந்தது ஜிபிஎஸ் நோட்டு. கருவியில் 9 பாகை 17.50 நிமிடம் என்று காட்டுவதை அடுத்த படகுக்கு வயர்லெஸ்ஸில் 17 நிமிடம் 50 நொடி என்று சொல்லிவிடுவது அடிக்கடி நடப்பது. உண்மையில் அது 17 நிமிடம் 30 நொடி. வடக்குத் தெற்காக ஒரு நிமிடம் என்பது ஒரு கடல்மைல், 1852 மீட்டர். 20 நொடி பிசகினால் 617 மீட்டர் தள்ளிப்போய் வலையைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். கருவியின் அமைப்பை இரு படகிலும் ஒரே மாதிரி வைத்துக்கொள்வதே தீர்வு. அந்தப் பக்கம் முழுசாக இருக்கிறது.

பாம்பனில் ஏற்றும் புயல் கூண்டு பற்றிய நோட்டும் பிழைத்தது. கூண்டு எண் 1, 2 என்றால் ஆபத்து தூரத்தில். 3, 4 உள்ளூர் எச்சரிக்கை. 5 முதல் 7 வரை அபாயம். 8 முதல் 10 வரை பெரும் அபாயம். 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. "11 வந்தால் 10-ஐவிடப் பெரிய புயலா?" என்று ஒரு பையன் கேட்ட கேள்வி ஓரத்தில் இருக்கிறது. பெரியவர்கள் பலருக்கும் இருந்த சந்தேகம் அது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அடித்த புயலைக் கண்ணால் கண்ட மூத்தவர்கள் பேசியதும் இதே நோட்டின் பின்பாதியில் இருக்கிறது. அவர்களில் சிலர் இப்போது இல்லை. வேறெதையும்விட அதற்காகவே பயந்தோம்.

முள் குத்துக்கு முதலுதவி நோட்டில் பாதி தேறியது. திருக்கை வால், கல்மீன் முள் குத்தினால் தாங்கக்கூடிய சூட்டுத் தண்ணீரில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், 30 முதல் 90 நிமிடம் முக்கிவைக்க வேண்டும். விஷம் புரதம், சூட்டில் வலுவிழக்கும். சூட்டைக் குத்துப்படாத கையால்தான் பார்க்க வேண்டும், மரத்துப்போன காலுக்குச் சூடு தெரியாமல் வெந்துவிடும். ஜெல்லி மீன் பட்டால் மணலால் தேய்க்கவோ நல்ல தண்ணீர் ஊற்றவோ கூடாது, தோலில் ஒட்டியிருக்கும் மிச்ச முட்களும் வெடித்துவிடும். கடல் தண்ணீரால் கழுவி ஆஸ்பத்திரிக்கு. ஆவுளியா என்கிற கடல்பசு பற்றியும், மரிக்கொழுந்துப் பாசி எடுக்கும் பெண்கள் அந்தப் பாசியிலிருந்து கிடைக்கும் அகர் பற்றிச் சொன்னவையும் இன்னும் ஃப்ரீசரில்.

காயவைக்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. கட்டைக் குளிர் விடும்வரை கவரோடு வைக்கிறோம். உடனே பிரித்தால் காற்றிலுள்ள ஈரமெல்லாம் அதன்மேல் வேர்க்கும். பிறகு நோட்டை நிமிர்த்தி விசிறியாக விரித்து, 10 ஏட்டுக்கு ஒன்றாக அச்சடிக்காத நியூஸ் பேப்பர். அச்சடித்த பேப்பர் வேண்டாம், மை ஏறிக்கொள்ளும். செருகும் தாள் நோட்டின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் முதுகு பிளக்கும். முதல் நாள் 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை தாளை மாற்ற வேண்டும். ஃபேன் சுவரைப் பார்த்து ஓடட்டும். பின்கள் துருப்பிடித்திருந்தாலும் ஈரத்தில் பிடுங்காதீர்கள், ஏடு கிழியும். காய்ந்தபின் எடுத்துவிட்டு நூலால் தைத்துக்கொள்ளலாம். காய்ந்ததா என்று பார்க்கப் புறங்கையை வையுங்கள்: குளிர்ச்சி தட்டினால் ஈரம் இருக்கிறது. கடைசியில் இரு பலகைக்கு நடுவே பாரம் ஏற்றிவைத்தால் நெளிவு போகும்.

மற்ற எல்லோரையும் ஒரே மூச்சில் சொல்கிறோம், கோபிக்க வேண்டாம். ஐஸ் கம்பெனியில் பார் பாராக உடைத்துக் கொடுத்தவர்கள், ரோல் மிச்சத்தை வெட்டித் தந்த அச்சகத்தார், வகுப்பறையைத் திறந்துவிட்ட தலைமையாசிரியர், அண்டாக்களைத் தந்த பள்ளிவாசல் ஜமாத்தார், பெஞ்சுகளைத் தூக்கி வந்த சர்ச் இளைஞர்கள், விடிய விடிய ஏடு பிரித்த சுயஉதவிக் குழுப் பெண்கள், டீ கொடுத்துவிட்டுக் கணக்கு எழுத மறந்துபோனதாகச் சொல்லும் கடைக்காரர் எல்லோருக்கும் கைகூப்பி நன்றி.

இனி மன்றத்தில் பால்பாயின்ட் அல்லது பென்சில் மட்டுமே. ஜெல் பேனாவும் மைப்பேனாவும் எழுதியவை கரைந்தோடின, ஸ்கெட்ச் பேனா தலைப்புகளைக் காணவே காணோம். பால்பாயின்ட் எழுத்து அப்படியே நிற்கிறது, பென்சில் கோட்டைத் தண்ணீர் தொடவே இல்லை. நோட்டுகள் நெஞ்சுயரத்துக்கு மேல், மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியில். மாதக் கடைசியில் போனில் படம் பிடித்து, ஒரு பிரதி கடலோரத்தை விட்டுத் தள்ளி, ராமநாதபுரம் டவுனில்.

அக்காவை ஒரு பேச்சு கொடுக்கச் சொல்லிக் கேட்டோம். நோட்டுகளைப் புரட்டினால் ஞாயிறு சாயங்காலம் வீட்டில் இருக்க முடிந்தவர்களின் அறிவுதான் அதிலெல்லாம் இருக்கிறது. மீன் எடைக்கு எடை ஐஸ் போட்டாலும் அடியில் உள்ளது ஏன் முதலில் கெடுகிறது என்று தெரிந்தவர்கள் அந்த நேரத்தில் சந்தையில் இருக்கிறார்கள். "மைக்கெல்லாம் பிடிக்க மாட்டேன். காலையில சரக்கு அடுக்குறப்ப வந்து நில்லுங்க, கைய ஓட்டிக்கிட்டே சொல்றேன்" என்றார். அடுத்த கூட்டம் அங்கேதான், அவர் சொல்லும் காலையில். மாதம் ஒரு கூட்டமாவது இனி வியாபாரம் நடக்கும் இடத்திலேயே நடக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கேள்விப் பக்கங்கள் பலவும் ஜெல் பேனாவில் எழுதியவை. பதில் இருக்கிறது, கேள்வி நீல மேகமாகக் கிடக்கிறது. மன்றத்தில் எப்போதாவது எழுந்து கேள்வி கேட்டவர்கள், என்ன கேட்டோம் என்று நினைவிருந்தால், வகுப்பறைப் பக்கம் ஒரு நடை வந்து சொல்லிவிட்டுப் போங்கள். பால்பாயின்டில் எழுதிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மன்றத்தார்