காப்புரிமை மனுவைத் தமிழில் கொடுக்க ஏன் வழியில்லை?

ஆசிரியருக்கு வணக்கம்.

காப்புரிமை (பேட்டன்ட்) விண்ணப்பங்களில் தமிழகம் முன்னணியில் இருப்பதைப் பாராட்டித் தாங்கள் எழுதிய தலையங்கத்தைப் படித்தேன். சந்தோஷம்தான். ஆனால் அவற்றில் கல்லூரிகளிலிருந்து போனவை எத்தனை, பட்டறைகளிலிருந்து போனவை எத்தனை என்று யாராவது பிரித்துக் கொடுத்தால் அந்தச் சந்தோஷம் கொஞ்சம் இறங்கும் என்பது என் ஊகம். பட்டறைக்காரர்கள் இந்தப் பக்கமே வராததற்குச் செலவு, அலைச்சல், விழிப்புணர்வு இல்லாமை என்று காரணம் சொல்வார்கள். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழி மனுக் கட்டணம் 1,600 ரூபாய், பரிசோதனைக் கட்டணம் 4,000 ரூபாய். ஒரு பம்புக்கு சீல் கிட் வாங்குகிறவனுக்கு இது பெரிய தொகை இல்லை. என்னைத் தடுத்தது வேறு.

நான் திருச்செங்கோட்டில் ஹைட்ராலிக் பம்ப் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். எங்கள் ஊர் ரிக் வண்டிகள் ராஜஸ்தான் வரைக்கும், அதைத் தாண்டியும் ஆழ்துளைக் கிணறு போடப் போகின்றன. பாறையை உடைக்கிற சுத்தியலுக்குக் கம்ப்ரசர் காற்று. துளை போடும் ராடைச் சுற்றுவது, தூக்குவது, இறக்குவது எல்லாம் ஹைட்ராலிக், அதாவது எண்ணெய் அழுத்தம். எங்கோ வெயிலில் நிற்கிற வண்டியில் பம்ப் உட்கார்ந்துவிட்டால் அதைக் கழற்றி லாரியில் ஏற்றி இங்கே அனுப்பிவிடுவார்கள்.

அந்தப் பம்புக்குள் பேரல் என்று ஒரு கனத்த உருளை உண்டு. அதில் பெரும்பாலும் ஒன்பது துளை, ஒன்பது பிஸ்டன். பிஸ்டனின் வெளிமுனை உருண்டையாக இருக்கும். அதில் மாட்டிய ஷூ, சாய்வாக நிற்கும் தட்டின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடும். பேரல் சுற்றச் சுற்ற பிஸ்டன் வெளியே வந்து எண்ணெயை இழுக்கும், உள்ளே போய்த் தள்ளும். பிஸ்டனுக்கும் துளைச் சுவருக்கும் நடுவே இருபது மைக்ரான் பக்கம்தான் இடைவெளி. தலைமுடி கூட நுழையாது. அதற்குள் நிற்கும் எண்ணெய்ப் படலம்தான் பம்பின் ஆயுள்.

தட்டு சாய்வாக இருப்பதால் பிஸ்டன் நேராக மட்டும் அழுத்தப்படுவதில்லை; பக்கவாட்டிலும் நெருக்கப்படுகிறது. அது நீண்டு வெளியே நிற்கும்போது துளையின் வாயில் ஒரு பக்கமும் உள்முனையில் எதிர்ப்பக்கமும் உரசும். பழுதுக்கு வரும் பேரலுக்குள் விளக்கடித்துப் பார்த்தால் வாய்ப்பக்கம் விரிந்திருக்கும். விரலை விட்டாலே தட்டுப்படும். டிரைவர், “காலைல நல்லா இழுக்குதுங்க, சூடானா படுத்துக்குது” என்பார். பம்பின் வெளிக்கூட்டில் (கேஸ்) சேரும் கசிவு எண்ணெயை வெளியேற்றும் டிரெயின் ஹோஸைக் கழற்றி வாளியில் விட்டு, நிமிடத்துக்கு எவ்வளவு கொட்டுகிறது என்று அளந்தால் போதும். அழுத்தமாய்ப் போக வேண்டிய எண்ணெய் பிஸ்டன் ஓரமாகக் கசிந்து கேஸுக்குள் வந்துகொண்டிருக்கும்.

பிஸ்டனைச் சுற்றி மெல்லிய க்ரூவ் (பள்ளக் கோடு) வெட்டுவது பழைய வித்தை. சுற்றிலும் எண்ணெயின் அழுத்தம் சமமாகி, பிஸ்டன் ஒரு பக்கமாய் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கும். ஆனால் க்ரூவ் வெட்டிய இடத்தில் சுமை தாங்க இரும்பு இல்லை. அதனால் நானும் என் பட்டறைத் தம்பி ஒருவரும் கணக்குப் போட்டு, பிஸ்டன் நீண்டு நிற்கையில் துளை வாயில் படுகிற பட்டையையும் உள்முனைப் பட்டையையும் வழவழவென்று விட்டுவிட்டு, இடையில் மட்டும் க்ரூவ்களை ஒரு பக்கம் நெருக்கியும் மறுபக்கம் தள்ளியும் வெட்டினோம். தெரிந்த வண்டிகளில் போட்டுப் பார்த்ததில் வாய் விரிவது நன்றாகவே தள்ளிப்போனது. எல்லா பம்புக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ரிக் வண்டியின் தூசியிலும் சூட்டிலும் பொருந்தியது.

காப்புரிமைக்கு மனுப் போட ஒரு முகவரைப் பிடித்தோம். நல்ல மனிதர், ஏமாற்றவில்லை. ஆனால் அவர் பேரலைப் பிரித்துப் பார்த்தவர் இல்லை. நான் தமிழில் சொன்னதைக் கேட்டுக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதினார். இந்த மனுவில் உரிமைகோரல் என்ற பகுதிதான் உயிர். நிலப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவது மாதிரி. அதில் வந்ததன் சாரம், “பிஸ்டனின் வெளிப்பரப்பில் வளைய வடிவில் பல க்ரூவ்கள்” என்பதுதான். எங்கே வெட்டாமல் விட்டோம் என்பது எங்கள் விஷயம். எங்கே வெட்டினோம் என்பது மட்டும் காகிதத்தில் ஏறியது. நான் பத்தாவது முடித்து ஐ.டி.ஐ. போனவன். டிராயிங் படிப்பேன், பம்ப் கேட்லாக் படிப்பேன். முக்கால் பக்கத்துக்கு முற்றுப்புள்ளியே இல்லாமல் ஓடுகிற உரிமைகோரல் ஆங்கிலத்தை வரிவரியாகச் சரிபார்க்க என்னால் ஆகாது. கையெழுத்துப் போட்டேன்.

காப்புரிமை அலுவலகத்திலிருந்து முதல் பரிசோதனை அறிக்கை வந்தது. புதுமை இல்லை, தொழில் தெரிந்தவருக்கு வெளிப்படையானது என்று ஆட்சேபம். பிஸ்டன் மேல் க்ரூவ் வெட்டிய பழைய வெளிநாட்டுக் காப்புரிமைகளை வரிசையாகக் காட்டியிருந்தார்கள்.

இதைக் கேட்ட என் நண்பர்கள், “அவங்க கொடுக்க மாட்டாங்கப்பா” என்றார்கள். அது தவறு. பரிசோதகர் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார். சாய்தட்டுப் பிஸ்டன் பம்ப் நேற்று வந்ததில்லை. அமெரிக்காவின் வில்லியம்ஸ்-ஜானி ஹைட்ராலிக் அமைப்பு 1900-களின் தொடக்கத்திலேயே போர்க்கப்பல் பீரங்கி மேடைகளைத் திருப்பியது. நூறு வருடத்துக்கு மேலாக இந்தப் பிஸ்டனின் ஒவ்வொரு அங்குலத்திலும் யாரோ ஒருவர் உரிமை கேட்டிருக்கிறார். வெறும் “க்ரூவ்” என்று எழுதிப் போனால் திருப்பி அனுப்பத்தான் வேண்டும்.

நம் நாட்டுச் சட்டமும் இதில் கறார். என் மகள் தேடிப் படித்துச் சொன்ன வழக்கு ஒன்று லேத்துக்காரர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. உத்தரப் பிரதேசம் மிர்சாபூரில் பாத்திரத்தைக் கடைசல் பிடிக்கும்போது அது நழுவாமல் அழுத்திப் பிடிக்க ஒரு அமைப்பைச் செய்து காப்புரிமை வாங்கினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1978 டிசம்பரில், இது பட்டறையில் இயல்பாய் வருகிற மேம்பாடுதான், கண்டுபிடிப்பு அல்ல என்று தீர்ப்பாகிக் காப்புரிமை செல்லாமல் போனது. படிக்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. பட்டறையில் நாங்கள் செய்வது எல்லாமே மேம்பாடுதானே. ஆனால் தீர்ப்பின் நியாயம் புரிகிறது. லேத்தின் வால்பக்கத்து டெயில்ஸ்டாக்கில் கூர்முனை (சென்டர்) கொடுத்து அழுத்துவதற்கெல்லாம் ஒருவர் தனியுரிமை கொண்டாடினால் மற்றவன் லேத்தே ஓட்ட முடியாது. சாதாரண மேம்பாட்டுக்கும் கண்டுபிடிப்புக்கும் இடையே இருக்கிற கோடு அவ்வளவு மெல்லியது. அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதை எழுத்துதான் தீர்மானிக்கிறது.

சரி, திருத்தி எழுதிக் கொடுக்கலாமே என்று கேட்பீர்கள். காப்புரிமைச் சட்டம் 59-வது பிரிவு குறுக்கே நிற்கிறது. மனுவில் முதலில் சொல்லாத ஒன்றைத் திருத்தம் என்ற பெயரில் பின்னால் சேர்க்க முடியாது. அதுவும் நியாயமான விதிதான். இல்லாவிட்டால் ஆளாளுக்கு மனுப் போட்டுவிட்டு, அடுத்தவன் செய்வதைப் பார்த்து எழுதிச் சேர்ப்பார்கள். எங்களுக்குக் கை கொடுத்தது மனுவோடு போன டிராயிங். அதை நான் போட்டேன். க்ரூவ் இல்லாத இரண்டு பட்டையும் அதில் தெளிவாக இருந்தன. அதைக் காட்டி உரிமைகோரலைச் சுருக்கி எழுதியிருக்கிறோம். ஆனால் பட்டையின் நீளம் பிஸ்டன் நீளத்தில் எத்தனை பங்கு இருக்க வேண்டும் என்ற கணக்கு, நான் வாயால் சொன்னது, காகிதத்தில் எங்கும் இல்லை. அது போனது போனதுதான். விசாரணை காணொளியில் முடிந்து, உத்தரவுக்குக் காத்திருக்கிறோம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். காப்புரிமை விதிகளில் 9-வது விதி, ஆவணங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும் என்கிறது. கான்பூர் லேத்துக்காரர் தன் வாயில் வருகிற மொழியில் எழுதி, தானே படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடலாம். திருச்செங்கோட்டு லேத்துக்காரனுக்கு அது இல்லை. இந்தி மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவருக்கு இருக்கிற வசதி எனக்கும் வேண்டும், அவ்வளவுதான்.

எங்களுக்கு வந்த பரிசோதனை அறிக்கையில் காட்டப்பட்ட பழைய ஆவணங்களில் ஒன்று ஜெர்மன் மொழியில் இருந்தது. கணினி மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு அதை ஆராய்ந்து, எந்தப் பத்தியில் க்ரூவ் பற்றி வருகிறது என்பது வரை குறிப்பிட்டிருந்தார்கள். நல்ல உழைப்பு. என் கேள்வி, ஜெர்மன் ஆவணத்தை மொழிபெயர்த்துப் படிக்க முடிகிற மேசைக்குத் தமிழ் மனு ஏன் வரக்கூடாது?

மனு எந்த ஊர்ப் பரிசோதகரிடம் போகும் என்று சொல்ல முடியாது, எல்லோருக்கும் தமிழ் தெரிந்திருக்காது என்பார்கள். உண்மை. அதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் அலுவல் மொழிகள் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் மூன்றுதான். ஆனால் மனுவை எந்த மொழியிலும் கொடுக்கலாம். கொடுத்த நாளே மனு நாளாகப் பதிவாகும். இரண்டு மாதத்துக்குள் அந்த மூன்றில் ஒரு மொழியில் மொழிபெயர்ப்பைக் கொடுக்க வேண்டும். பிறகு அந்த மொழிபெயர்ப்பில் தவறு தெரிந்தால், முதலில் கொடுத்த மூலத்துக்கு ஒத்துப்போகும்படி அதைத் திருத்திக்கொள்ளவும் அனுமதி உண்டு. இந்தக் கடைசி விஷயம்தான் எனக்கு முக்கியம். இது இங்கே இருந்திருந்தால் நான் தமிழில் சொன்ன கணக்கு மூலத்தில் நின்றிருக்கும். மொழிபெயர்ப்பில் விட்டதை எடுத்துச் சேர்த்திருக்கலாம்.

தமிழில் தொழில்நுட்பம் எழுத வார்த்தை இருக்கிறதா என்று ஒரு படித்தவர் என்னிடம் கேட்டார். பிஸ்டன், பேரல், ஷூ, வால்வ் பிளேட் என்று நாள் முழுக்கப் பேசித்தான் பம்பைப் பிரித்து மாட்டுகிறோம். அதை அப்படியே எழுதினால் எந்தப் பட்டறைக்காரனுக்கும் புரியும். தூய தமிழ் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

கூடவே இன்னொன்று. பரிசோதனை அறிக்கைக்குப் பதில் தர ஆறு மாதம் கொடுக்கிறார்கள். ஆட்சேபங்களின் சுருக்கத்தை ஒரு பக்கம் தமிழில் இணைத்தால், அறிக்கை கையில் இருந்தும் என்ன கேட்கிறார்கள் என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் காலமாவது மிச்சமாகும். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளே தமிழில் கிடைக்கிற காலம் இது.

இதற்குச் சட்டத் திருத்தம் கொண்டுவந்து நாடாளுமன்றத்தில் நிறைவேற்ற வேண்டிய தேவை இல்லை. 9-வது விதி மத்திய அரசு போட்ட விதி. அரசிதழில் அறிவிக்கை வெளியிட்டு மாற்றலாம். 2024 மார்ச்சில் பரிசோதனை கோருவதற்கான கெடுவை 48 மாதத்திலிருந்து 31 மாதமாகக் குறைத்தது அப்படித்தான். நம் எம்.பி.க்கள் இதை வணிக, தொழில் அமைச்சகத்திடம் எழுத்து மூலமாகக் கேட்க வேண்டும். கேட்கிறார்களா என்பதைத் தங்கள் நாளிதழ் விசாரித்து எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஹைட்ராலிக் பம்ப் பட்டறை உரிமையாளர்,
திருச்செங்கோடு, நாமக்கல் மாவட்டம்.