விசேஷம் இல்லாத கடிதம்

சேலம், அஸ்தம்பட்டி

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு வீடு நிறையச் சொந்தக்காரர்கள். வந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே கேள்வி: "என்ன, விசேஷம் ஏதாவது உண்டா?" சின்ன அத்தை மட்டும் எதுவும் கேட்காமல் தட்டுவடை செட்டை என் பக்கம் நகர்த்தினார். அவருக்குக் கோயில் கட்டலாம்.

விசேஷம் இல்லை. காரணம் தெரிந்துவிட்டது. பள்ளியில் மாதாமாதம் நான் பெஞ்சில் சுருண்டு கிடப்பேனே, அது சூட்டு வலி இல்லையாம். எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே, சினைப்பையிலும் கருக்குழாய் ஓரத்திலும் வளர்ந்திருக்கிறது. மாதவிலக்கில் அதுவும் கசியும், ரத்தம் போக வழி இருக்காது. அப்படித் தங்கித் தங்கி இடது சினைப்பையில் 3 சென்டிமீட்டர் கட்டி. உள்ளே பழைய ரத்தத்தின் நிறத்தை வைத்து 'சாக்லேட் சிஸ்ட்' என்கிறார்கள். பெயர் வைத்தவருக்கு வேறு தின்பண்டமே கிடைக்கவில்லை போல.

ஸ்கேனில் ஒவ்வொரு மாதமும் "முட்டை வெடித்துவிட்டது" என்றுதானே சொன்னார்கள், அப்புறம் ஏன் தங்கவில்லை என்று கேட்டேன். டாக்டரம்மா மருந்துச்சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். இந்த நோய் இருக்கும் பலருக்கும் முட்டை ஒழுங்காகத்தான் வரும். அதைக் குழாயின் விரல் போன்ற நுனி வாரிக்கொள்ள வேண்டும். உள்ளே புண் ஆறி ஆறி, துணியில் ஒட்டிய வடாம் மாதிரி சினைப்பையும் குழாயும் ஒட்டிக்கொண்டால் நுனி அசையாது. ஒட்டாவிட்டாலும் அங்கிருக்கும் அழற்சி முட்டையையும் விந்தணுவையும் பாதிக்கலாம்.

"அப்போ கட்டியை எடுத்துவிடுங்கள்" என்றேன். உரித்தெடுக்கும்போது நல்ல சினைப்பையும் கொஞ்சம் சேர்ந்து வந்துவிடும், முட்டை இருப்பு குறையலாம் என்று தயங்கினார். முதலில் முட்டை இருப்பைக் கணிக்கும் ஏஎம்ஹெச் ரத்தப் பரிசோதனை. வலிக்கான ஹார்மோன் மாத்திரை முட்டை வருவதையே நிறுத்திவிடும், அதனால் இப்போது வேண்டாமாம். தானாகவே கருத்தரிப்பவர்களும் நிறைய உண்டு என்றார். சரி, பார்ப்போம்.

பதினெட்டு வயதில் ஒரு டாக்டர் "குழந்தை பிறந்தால் சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்பினார். இப்போது நினைத்தால் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வருகிறது.

உன் மகள் மாதாமாதம் இரண்டு நாள் லீவு போடுகிறாள் என்று எழுதியிருந்தாயே, அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். "எல்லாருக்கும் வருவதுதான்" என்று விடாதே. எல்லா வலியும் இதுவாக இருக்காது, ஆனாலும் டாக்டரிடம் காட்டிவிடு. ஏற்காட்டிலிருந்து 20 ஹேர்பின் வளைவு இறங்கினால் வாந்தி வரும் என்பாள். கையில் ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்துக் கூட்டிவா. வரும்போது உங்கள் தோட்டத்து மிளகு கொஞ்சம் எடுத்துவா.

அன்புடன்,
சுமதி