நவம்பரில் உப்பு விளையாது

அன்புள்ள நண்பனுக்கு,

இங்கு அனைவரும் நலம். அண்ணியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். நான்கு மாதம் கடிதம் எழுதாமல் இருந்ததற்கு நேரில் திட்டிக்கொள். இப்போது உன் ஆவணப்படக் காகிதங்களைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

நீ அனுப்பிய காகிதக் கட்டை மூன்று இரவுகள் படித்தேன். காட்சிக் குறிப்பு, படப்பிடிப்பு அட்டவணை, செலவுக் கணக்கு ஆகிய மூன்றும் தனித்தனியே பார்த்தால் குறையில்லாதவை. அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் எனக்குத் திக்கென்றது. குறிப்பின் ஏழாம் பக்கத்தில் தூத்துக்குடி உப்பளத்தில் பெண்கள் உப்பை வாரிக் குவிக்கிறார்கள். அட்டவணையிலோ அந்தக் காட்சிக்கு நவம்பர் 12 என்று எழுதியிருக்கிறாய். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்யும் அந்தக் கரையில், அப்போது பாத்திகளில் மழைநீர்தான் நிற்கும். மழை ஓய்ந்த பிறகு பாத்தியைச் சீர்செய்து, மிதித்து இறுக்கி, உவர்நீரைப் பாய்ச்சி வெயிலில் காயவிட்டால்தான் உப்புப் படியும். உப்பளத்து மீசைக்கார அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பாரே! கேமராவுக்கு முன்பணம் கட்டிவிட்டாயோ என்று நினைத்து எனக்கு உறக்கம் வரவில்லை.

தேதியை மாற்றினாலும் நேரம் இடிக்கிறது. முதல் ஷாட் காலை 8 மணி என்றிருக்கிறது. விடிவதற்கு முன்பே அளத்தில் இறங்குபவர்கள், வெயில் ஏறுவதற்குள் பெரும்பாதி வேலையை முடித்துவிடுவார்கள். அதன் பிறகு வெள்ளை உப்பின் மேல் படும் வெளிச்சத்தில் முகங்கள் கருத்துத்தான் பதியும். குழு அதிகாலை நான்கு மணிக்கே அங்கு நிற்க வேண்டும். ட்ரோன் காட்சிக்கு அனுமதிக் கடிதம் எதுவும் நீ அனுப்பிய காகிதங்களில் இல்லை. விமான நிலையமும் துறைமுகமும் உள்ள ஊர் அது. எங்கே ட்ரோன் பறக்கவிடலாம், எங்கே கூடாது என்று நிறத்தால் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்பதை முதலில் பார்.

இவற்றையெல்லாம்விட என்னை உறுத்தியது செலவுக் கணக்கின் நான்காம் பக்கம். குழுவுக்குப் பேட்டா, தேநீர், வண்டி, குடை வரைக்கும் எழுதியிருக்கிறாய். வேலையை நிறுத்திவிட்டு உன் கேமராவுக்கு முன் நின்று பேசப்போகும் பெண்களின் அன்றைய கூலிக்கு ஒரு வரிகூட இல்லை. நீ கல்நெஞ்சன் அல்லன். ஆனால் காகிதத்தில் இல்லாத செலவு, படப்பிடிப்பின் கடைசி நாளில் யாருடைய பையிலும் இருக்காது என்பது உனக்கே தெரியும். அவர்களின் சம்மதத்தையும் படித்துக்காட்டிப் பெறுவதற்கு ஒரு முழு நாளை ஒதுக்கு.

ட்ரோன் செலவை அடித்துவிட்டு, அந்த இடத்தில் கூலியை எழுதியிருக்கிறேன். உப்புக் காட்சியை மார்ச் இறுதிக்குத் தள்ளி, பென்சிலால் குறித்த பிரதியைத் தபாலில் சேர்த்துவிட்டேன். அது கைக்கு வரும்வரை கேமரா ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதே. பிப்ரவரியில் இருவரும் ஒருமுறை அளத்திற்குப் போய்வருவோம். எந்த வாரம் உனக்கு வசதி என்று உடனே எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்